சிகரட் பத்தும் மகன்: டொக்டரிடம் கூட்டிப் போனது பிழையா?

உவர்மலை அம்மா:
மகன் தரம் 10. போன மாதம் ரியூசன் முடிந்து வந்தவனின் சட்டையில் சிகரட் வாசம். "பக்கத்தில நின்ற அண்ணாமார் பத்தினவை" என்றான். சரி என்று விட்டேன். இரண்டு கிழமையில் சைக்கிள் சீட்டுக்குக் கீழே லைட்டர் அகப்பட்டது. சின்ன வயதில் தொய்வு (ஆஸ்துமா) இருந்த பிள்ளை, அதனால் பயந்துபோய் ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்க, "செத்துப் போவாய்" என்று ஏசி, போனில் புற்றுநோய்ப் படமும் காட்டினார். இவன் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே ஒரு கதை: "அந்தப் படம் அப்பாட பக்கெட்டிலயும் இருக்குத்தானே."

எனக்குப் பதில் வரவில்லை. ஏசுவதைத் தவிர டொக்டர்மாரால் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

மட்டிக்கழியான்:
கூட்டிப் போனது சரிதான், அக்கா. ஆனால் உங்களை உள்ளே வைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பொடியன் வாய் திறப்பான்? நான் வெளிநோயாளர் பிரிவில் வேலை செய்கிறேன். முதலில் தாயை வெளியே இருக்கச் சொல்வேன். "உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, நீ சொல்வது வெளியே போகாது" என்பேன். பிறகு, "உங்கட வகுப்பில ஆராவது பத்துறாங்களா?" என்று சுற்றி வருவேன். அவனுடைய கதை தானாக வரும்.

60 வயதில் வரும் புற்றுநோய் 15 வயதுக்கு உறைக்காது. கடற்கரையில் பந்தடிக்கும்போது மூச்சு வாங்குவது உறைக்கும். தொய்வு இருந்த பிள்ளைக்கு இன்னும் உறைக்கும். காலையில் எழும்பி எவ்வளவு நேரத்தில் முதல் சிகரட் என்றும் கேட்பேன். எழும்பிய கையோடு என்றால் நிகோட்டின் பிடித்துவிட்டது.

பழகிய பிள்ளையை நிறுத்த வைப்பது எங்களுக்கும் லேசில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2020இல், இன்னும் தொடங்காத பிள்ளைகளுடன் வைத்தியர் கதைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நிறுத்த வைக்கும் முறைகளுக்குச் சான்று போதாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதனால்தான் தரம் 7 பாடசாலை வைத்தியப் பரிசோதனையை நான் விடுவதில்லை. நிறை, உயரம், பல் பார்க்கிற வரிசையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிய விசயம்.

அடுத்தமுறை கணவரையும் கூட்டி வாருங்கள். அவரிடமும் கேட்க இருக்கிறது.

பல்லு மிஸ்:
பாபுல், அதுதான் பாக்கோடு புகையிலை கலந்து மெல்லுகிற சாமான், அதைப் பற்றியும் கேட்க வேண்டும். "சிகரட் பத்துறியா?" என்றால் இல்லை என்று உண்மையாகவே சொல்வார்கள், கொடுப்புக்குள் அது இருக்கும். வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, நான் மூன்று விரலை வாய்க்குள் வைக்கச் சொல்வேன். போகாவிட்டால் உடனே பல் வைத்தியரிடம் அனுப்புவேன். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் தரும்.

மூதூர்க்காரன்:
எனக்கு 15 வயதில் ஒற்றைச் சிகரட் தந்த கடைக்காரர் வயதைக் கேட்டதே இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே விற்கவே கூடாது. ரியூசன் ஒழுங்கைக் கடையைப் பிஎச்ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்கோ அக்கா.

உவர்மலை அம்மா:
நேற்று மூன்று பேரும் வேறொரு டொக்டரிடம் போனோம். மகன் தனியாக இருபது நிமிடம் உள்ளே இருந்தான். பிறகு கணவரைக் கூப்பிட்டார். சிகரட்டை விட உதவும் 1948 தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்தவர், இன்னும் எடுக்கவில்லை. காலையில் விறாந்தையில் பத்தாமல் வெளியே நடந்து போனார், அவ்வளவுதான்.

உள்ளே மகன் என்ன சொன்னான் என்று டொக்டர் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்ததுதான், கேட்கவில்லை.