சத்தம் போடாத ஹார்ட் டிஸ்க் எது? கோத்தகிரியிலிருந்து கேட்கிறேன்

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் வீட்டிலேயே சின்னதாக ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன், பெரும்பாலும் படுகர் பாட்டுகள்தான். இப்போதிருக்கும் ஹார்ட் டிஸ்க் பழசு. பலகைத் தரை வேறு; 'கர்ர்' என்று அது ஓடுவது மேசைக் கால் வழியாக இறங்கி மைக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊர் அடங்கியபின் கேட்கவே வேண்டாம்.

4 டிபி வேண்டும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் சத்தமே இருக்காதுதான், ஆனால் அந்த அளவுக்குக் கட்டுப்படியாகாது. 7200 ஆர்பிஎம் (தட்டு நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வேண்டாம், 5400 போதும். கண்டிப்பாக சிஎம்ஆர் வகை, அதாவது தட்டில் எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதது. பெரிய ஃபைல்களை விடாமல் எழுதினால், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் எஸ்எம்ஆர் வகை திணறும். டபிள்யூடி ரெட் பிளஸ், சீகேட் அயன்வுல்ஃப் இரண்டையும் யோசித்து வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் 3 வருட வாரண்டி. ராத்திரியில் பக்கத்தில் வைத்து வேலை செய்தவர்கள் யாராவது உண்டா? ஓடும் இரைச்சலைவிட, ஹெட் (தட்டில் படிக்கும், எழுதும் முனை) நகரும்போது வரும் 'டக் டக்'தான் எனக்குப் பயம்.

அப்புறம் வாரண்டி. கெட்டுப்போனால் கோயம்புத்தூர் வரை மலை இறங்கணுமா, கூரியரில் அனுப்பினால் எடுத்துக்கொள்கிறார்களா? மாற்றித் தருவது புதுசா, ரீஃபர்பிஷ்டா? ஆன்லைனில் வாங்கியவர்கள் சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டபோது இந்திய வாரண்டி காட்டியதா? 'பில் இருந்தால் போதும் சார்' என்று கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டாச்சு. நிஜமாகவே கிளெய்ம் செய்தவர்கள் சொல்லுங்கள்.