புதுப்பிப்பு: தாத்தாவோட கணக்கு நோட்டு ஒருவழியா சுருங்கிருச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, பாம்பன்ல எங்க தாத்தாவோட படகு கணக்கு நோட்ட ஸ்கேன் எடுத்து ஜிப் போட்டும் சைஸே குறையலன்னு, காரணம் புரிஞ்சிருச்சு, ஸ்கேன் சேவ் ஆன ஜேபெக் படமே ஏற்கனவே சுருக்குன ஃபைல், ஜிப்புக்கு அதுல சுருக்க மிச்சம் எதுவும் இல்ல. இப்ப 300 டிபிஐல (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு புள்ளிக்கு ஒரு பிட்டுன்னு சுத்த கருப்பு வெள்ளையா திரும்ப எடுத்து டிஃப் குரூப் 4ல (கருப்பு வெள்ளை பக்கத்த எதுவும் இழக்காம சுருக்குற முறை) போட்டேன். சுருக்காத கலர் ஏ4 பக்கம் 26 எம்பி, இது சுருக்குறதுக்கு முன்னாடியே 1 எம்பி சொச்சம்தான்! ஜேபிக்2ங்கிற இன்னொரு கருப்பு வெள்ளை சுருக்கு முறைல லாஸி (கொஞ்சம் விவரத்த விட்டுட்டு சுருக்குறது) மட்டும் வேணாம், ஒரே மாதிரி தெரியுற எழுத்த ஒண்ணாக்கி 6 கூட 8ஆ மாறிரலாம், கணக்கு நோட்டுல அது ஆகவே ஆகாது. 1964 புயலுக்கு முந்தி எடுத்த தனுஷ்கோடி போட்டோ கிரே பிஎன்ஜிதான் (சாம்பல் நிற அளவுகளோட, தரம் குறையாம சுருக்குற பட ஃபைல்), ஒரு பிட்ல முகமெல்லாம் கரியாயிரும். மொத்தத்தையும் ஒரே ஜிப்பா கட்டி சித்தப்பாவுக்கு அனுப்பியாச்சு.