ஆர்.ஓ. கருவியின் மெல்லிய குழாயில் வடியும் நீருக்கு ஒரு சொல்

பொருள்: மறு: மறு: ‘ரிஜெக்ட் வாட்டர்’ தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மூன்று நாளாக ஓடும் இந்த இழையை இன்று காலை முதல் மடலிலிருந்து படித்தேன். ஆர்.ஓ. கருவியின் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் தனியாக வருமே, அதில் வடியும் நீருக்குத்தான் சொல் தேடுகிறோம். வீட்டில் எல்லாரும் சொல்வது ‘வேஸ்ட் தண்ணி’. கையேடுகளில் பார்ப்பது ‘கழிவுநீர்’. வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாக என் மறுமொழி கீழே.

> கழிவுநீர் என்றாலே எல்லாருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. கழிவுநீர் என்றால் நம் எல்லாருக்கும் சாக்கடைதான். எங்கள் வீட்டில் வேலைக்கு உதவ வரும் அக்கா அந்த வாளியைத் தொடவே மாட்டார். “கழிவுநீர்னு போட்டிருக்கே, இதை வச்சா தரையைத் துடைக்கிறது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தவறு? எழுதியிருப்பதைத்தான் படித்தார்.

“இல்லக்கா, நாம குடிக்கிற தண்ணியோட மிச்சம்தான் இது” என்று நான் விளக்கினேன். அது இன்னொரு கோடிக்குக் கொண்டுபோய்விட்டது. நல்ல தண்ணீரின் மிச்சம் என்றால் செடிக்கு ஊற்றலாமே என்று நாலு மாதம் தொட்டிகளுக்கு அதையே ஊற்றினோம். முதலில் இலைகளின் ஓரம் மட்டும் பழுப்பாகிக் காய்ந்தது. பிறகு தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டியது. நகத்தால் சுரண்டினால் மாவு போல உதிர்ந்தது. அப்போதுதான் கரைந்த உப்பைக் காட்டும் அளவுமானியை எடுத்து மூன்று குழாயிலும் வைத்துப் பார்த்தேன். கருவிக்குள் போகும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1,100 மில்லிகிராம், குடிக்கும் நீரில் 55, வாளியில் விழும் நீரில் 1,450.

கணக்கு எளிதுதான். நாலு லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டர் உப்பை மறிக்கும் படலத்தை (மெம்பிரேன்) தாண்டிக் குடிக்க வருகிறது, மூன்று லிட்டர் வெளியே போகிறது. நாலு லிட்டரில் இருந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் அந்த மூன்று லிட்டரில் நெருங்கி நிற்கிறது. புதிதாக எந்த அழுக்கும் சேரவில்லை. அந்த ஓட்டம் இருந்தால்தான் படலத்தின் மேல் உப்பு படியாமல் அடித்துக்கொண்டு போகும். பாதிக்குப் பாதி வருமாறு கருவியை அமைத்தால் வெளியேறும் நீர் குறையும். ஆனால் என் வீட்டு நீருக்கு அதில் உப்பு 2,100ஐத் தாண்டிவிடும், படலமும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ஆக, நமக்கு வேண்டிய சொல் இரண்டு செய்தியைச் சொல்ல வேண்டும்: இது சாக்கடை இல்லை, ஆனால் உள்ளே போன நீரைவிட உப்பு கூடியது. தரை துடைக்கலாம், கழிவறையில் ஊற்றலாம். குடிக்கக் கூடாது, செடிக்கு யோசித்துத்தான் ஊற்ற வேண்டும். ‘கழிவுநீர்’ முதல் செய்தியைக் கெடுக்கிறது, நான் சொன்ன ‘மிச்சம்’ இரண்டாவதைக் கெடுத்தது.

> மண்டி, வண்டல், கசடு, சக்கை, திப்பி… வடிகட்டினால் நிற்பதற்குத் தமிழில் இத்தனை சொல் இருக்கின்றனவே.

இருக்கின்றன, எல்லாமே அழகான சொற்கள். ஆனால் அவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற, அடியில் தங்குகிற பொருள்கள். இங்கே பிரிந்து போவது தெளிந்த நீர். இரண்டு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. வடிகட்டுதல் என்ற செயலே இங்கே பொருந்தவில்லை என்பதால் அதன் குடும்பச் சொற்களும் பொருந்தவில்லை.

> செறிநீர். உப்பு செறிந்த நீர். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

நம் குழுவில் வேதியியல் ஆசிரியராக இருக்கும் அம்மையார் முன்வைத்த சொல் இது. இழையில் வந்தவற்றில் கருத்துச் சுத்தம் மிக்கது இதுதான். நேற்றுவரை நானும் இதன் பக்கம்தான் இருந்தேன். இரவு அப்பாவிடம் வேறெதுவும் சொல்லாமல், “செறிநீர்னா உங்களுக்கு என்னப்பா தோணுது?” என்று கேட்டேன். “சத்து சேர்த்த தண்ணியா?” என்றார். செறிவூட்டிய மாவு, செறிவூட்டிய எண்ணெய் என்று பொட்டலங்களில் படித்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். குடிக்கக் கூடாத நீருக்குக் குடிக்கத் தூண்டும் பெயர் வைத்துவிடக் கூடாது. பாடநூலில் ‘செறிநீர்’ இருக்கட்டும், கருவியின் மேல் ஒட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

> ஒதுக்குநீர் / விலக்குநீர்

ஒதுக்குநீர் என்றால் யாருக்கோ ஒதுக்கீடு செய்த நீர் என்றும் படிக்கலாம். விலக்குநீரையும் விதிவிலக்குப் பெற்ற நீர் என்று படிக்கலாம்.

> கழிநீர்

இதை விட மனமே வரவில்லை. கழித்தல் என்ற கணக்கும் இருக்கிறது, உப்பங்கழி என்ற நிலமும் இருக்கிறது. கழி என்றாலே உப்புநீர் நிற்கும் இடம். பழைய சொல் ஒன்றுக்குப் புது வேலை கொடுப்பது போல. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் காதில் ‘கழிவுநீர்’ என்றுதான் விழும். எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறோமோ அங்கேயே திரும்பி வருகிறோம்.

என் முன்மொழிவு: உப்பேறுநீர்.

உப்பேறுதல் நாம் தினமும் பேசுகிற சொல். சுவர் உப்பேறிவிட்டது என்கிறோம், நிலம் உப்பேறிவிட்டது என்கிறோம். உப்பு முன்பு இருந்ததைவிடக் கூடிவிட்டது என்ற பொருள் ‘ஏறு’ என்பதிலேயே இருக்கிறது. இதுவும் வினைத்தொகைதான். கேட்டவுடன் யாரும் குடிக்க மாட்டார்கள், சாக்கடை என்றும் அருவருக்க மாட்டார்கள். அப்பாவிடம் இதையும் கேட்டேன். “உப்பு ஏறின தண்ணி” என்றார், அவ்வளவுதான். உப்பு மட்டுமா அதில் போகிறது, ஃபுளூரைடும் நைட்ரேட்டும் போகின்றனவே என்று ஒருவர் கேட்கக்கூடும். அவையும் உப்புகளாகக் கரைந்து வருபவைதான், சொல் தாங்கும்.

இந்தச் சொல் நிலைத்தால் கருவி வாங்குகிறவருக்கு ஒரு கைவிளக்கு கிடைக்கும். கடையில் எல்லாவற்றையும் ‘வாட்டர் ஃபில்டர்’ என்ற ஒரே பெயரில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். “இதில் உப்பேறுநீர்க் குழாய் உண்டா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். இல்லை என்றால் கரைந்த உப்பு அப்படியே உங்கள் குவளைக்கு வருகிறது. புற ஊதா விளக்கு கிருமியைச் செயலிழக்கச் செய்யும், நீரிலிருந்து எதையும் எடுக்காது. அதுவும் நீர் கலங்கலாக இருந்தால் துகள்களின் நிழலில் கிருமி தப்பிவிடும். கரி குளோரினையும் வாடையையும் பற்றிக்கொள்ளும். நுண்துளை இழைகள், துளை 0.01 மைக்ரான் அளவில் இருப்பவை, பாக்டீரியாவை நிறுத்தும், உப்பை விட்டுவிடும். உப்பை எடுக்க வேண்டுமானால் அந்த உப்பு எங்காவது போக வேண்டும், அதற்குத்தான் குழாய். (அயனிப் பரிமாற்றப் பிசின் மட்டும் விலக்கு. அது பிடித்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், நிறைந்ததும் மாற்ற வேண்டும் அல்லது புதுப்பிக்க வேண்டும்.)

மறுபக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில், கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் நீரின் சுவை பொதுவாக நன்றாகவே இருக்கும், ஏறக்குறைய 1,000ஐத் தாண்டினால் குறிப்பிடத்தக்க அளவில் கெடும். வீட்டு நீர் 200, 300 என்று இருக்கும்போது, ஒரு குடம் குடிக்க மூன்று குடம் உப்பேறுநீர் எதற்கு? ஆனால் மானியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அது மின்கடத்தும் திறனை அளந்து ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாத ஃபுளூரைடும், 0.01ஐத் தாண்டக் கூடாத ஆர்சனிக்கும், கிருமியும் அந்த எண்ணில் தெரியாது. ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டுக் கருவியைத் தேர்ந்தெடுப்பதே சரி.

> சவ்வு என்பது உடற்கூற்றுச் சொல். படலம் என்று மாற்றலாமா?

1748இல் பிரெஞ்சு அறிவியலாளர் நொல்லே, ஆர்.ஓ. கருவிக்கு அடிப்படையான ஊடுபரவலை (ஆஸ்மோசிஸ்) கண்டது பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்துத்தான், அதனால் ‘சவ்வூடு பரவல்’ பிறப்பால் தவறில்லை. இன்றைய கருவியில் இருப்பது செயற்கைப் பலபடி (பாலிமர்). கருவிக்குப் ‘படலம்’ என்றே எழுதி வருகிறேன், சவ்வு என்று எழுதினாலும் சண்டை இல்லை.

குழுவின் படவிளக்கத்தில் மூன்று குழாய்க்கும் பெயர் எழுத வேண்டியிருக்கிறது. உள்ளே வருவது வருநீர், படலத்தைத் தாண்டுவது ஊடுநீர், வெளியேறுவது உப்பேறுநீர் என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஊடுநீரில் எனக்கே முழு நிறைவு இல்லை, அதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் ஞாயிறு மாலைக்குள் எழுதுங்கள். உப்பேறுநீருக்கு மறுப்பு இருந்தால் உங்கள் வீட்டில் ஒருவரிடம் விளக்கம் சொல்லாமல் கேட்டுப் பார்த்து, அவர் சொன்ன பதிலையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்