ஒரே நாளில் சொற்பொழிவும் வளாக நேர்காணலும்: எதற்கு முதலிடம்?

கேள்வி – இயற்பியல் மாணவன்
பாளையங்கோட்டையில் இளங்கலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ராக்கெட் எஞ்சின்கள் பற்றிய சொற்பொழிவும், பைத்தான் கணினி நிரல்மொழிப் பயிற்சிப் பட்டறையும், ஒரு நிறுவனத்தின் வளாக நேர்காணலும் எங்கள் கல்லூரியில் ஒரே நாளில் நடக்கவுள்ளன. மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தில் பயிற்சி பெறுவது என் விருப்பம். வீட்டிலோ, கிடைக்கும் வேலையை விட்டுவிடாதே என்கிறார்கள். மூத்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி – வள்ளியூர் அண்ணாச்சி
தம்பி, நேர்காணலுக்குச் செல்லுங்கள். ஆனால் பணியில் சேருமுன் ஒன்றை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின்கீழ் பட்டதாரிகளுக்கு வழங்கப்படும் ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு, ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ பணி அனுபவம் உள்ளவர்களைப் பொதுவாக ஏற்பதில்லை என்பதால், வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் நீங்கள் விரும்பும் கதவே அடைபட்டுவிடக்கூடும். பயிற்சி முடித்தால் நிரந்தரப் பணி உறுதி என்றும் எண்ணிவிட வேண்டாம். கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்கல ஆலையும் இயங்குகிறது. இயற்பியல் படித்தவர் அதையும் கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி – பேட்டை ஆசிரியை
பைத்தானைப் பிறகும் கற்கலாம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் திறன் பயிற்சிகள் உள்ளன. சொற்பொழிவாளரைச் சந்திக்கும் வாய்ப்போ எளிதில் அமையாது. நேர்காணல் நேரத்தை மாற்றித் தருமாறு வேலைவாய்ப்புப் பொறுப்பாசிரியரிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள். போட்டித் தேர்வு எண்ணமும் இருந்தால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் பயிலலாம்.

இயற்பியல் மாணவன்
மிக்க நன்றி, அண்ணாச்சி, அம்மா. நாளை காலையே பொறுப்பாசிரியரிடம் கடிதம் கொடுக்கிறேன்.