அமெரிக்க நிலக்கரியும் வரிச்சண்டையும்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கடல்காற்று (தூத்துக்குடி)

2025 செப்டம்பரில் நடந்தது. வர்ஜீனியாவில் நார்ஃபோக், லாம்பர்ட்ஸ் பாயின்ட் ஜெட்டி. கரி, தானியம் மாதிரி மூட்டை கட்டாத சரக்கை ஏற்றும் பல்க் கேரியர் கப்பலில் ஓடுகிறவர்களுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து வரும் ரயில் வேகன்களை அப்படியே கவிழ்த்துக் கொட்டுவார்கள், கரி பெல்ட்டில் ஏறி நேராகக் கப்பலின் சரக்கறைக்குள் (ஹோல்டு) விழும். நாங்கள் ஏற்றியது கோக்கிங் கரி, எஃகு செய்யப் பயன்படுவது. போகிற துறைமுகம் ஒடிசாவில் தாம்ரா.

ராத்திரி டூட்டி. கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது (டிராஃப்ட்) என்று பார்க்க ஜெட்டியில் இறங்கி நின்றேன். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, சரக்கு எங்கே போகிறது என்று கேட்டார். இந்தியா என்றேன். கொஞ்ச நேரம் லோடரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "உங்கள் நாட்டுக்குப் போன மாதம்தானே 50 சதவீதம் வரி போட்டோம்? நீங்களும் எங்கள் கரிக்குத் திருப்பிப் போடுவீர்களா?"

நான் வெறும் தேர்ட் ஆபீசர். ஆனால் அவர் டெல்லியிலிருந்து வந்த அதிகாரியிடம் கேட்பதுபோல் என் முகத்தையே பார்த்தார். அவருடைய தம்பி மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கிறானாம். பிப்ரவரியில் சீனா அமெரிக்க நிலக்கரிக்கு 15 சதவீதம் பதில் வரி போட்டது, ஏப்ரலில் அது நூறைத் தாண்டியது, அந்தப் பக்கம் போகிற கப்பல் நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் பெரிய வாடிக்கையாளர் இந்தியாதான். அதையும் கெடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கு. "அப்படி எதுவும் கேள்விப்படவில்லை" என்று மட்டும் சொன்னேன். ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டதுபோல் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னும் அது மனசை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனாவில் கட்டிய கப்பல் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்தால் பெருங்கட்டணம் என்று 2025 ஆரம்பத்தில் பேச்சு வந்தபோது, அதை முதலில் எதிர்த்தவர்களில் அங்குள்ள நிலக்கரி ஏற்றுமதியாளர்களும் உண்டு. கரி ஏற்றக் கப்பலே கிடைக்காது என்றார்கள். ஏப்ரலில் விதியை இறுதி செய்தபோது, சரக்கு ஏற்ற வெறுங்கப்பலாக வருவதற்கு விலக்குக் கொடுத்தார்கள். எங்கள் கப்பலும் சீனாவில் கட்டியதுதான்.

பின்னலாடை (திருப்பூர்)

கடல்காற்று அண்ணா, அந்தப் பெரியவருக்காக நீங்கள் வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் எனக்குப் படித்ததும் வயிறு எரிந்தது. அவர் கரிக்கு நாம் பதில் வரி போடவில்லை. நம் பனியனுக்கு அவர்கள் போட்டுவிட்டார்கள். 2025 ஆகஸ்ட் 7 அன்று 25 சதவீதம், ஆகஸ்ட் 27 அன்று ரஷ்ய எண்ணெய் வாங்குவதைச் சொல்லி இன்னொரு 25. ஏற்கெனவே இருந்த சுங்கத்தோடு சேர்த்தால் 60 சதவீதத்தைத் தாண்டியது. வங்காளதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20தான். இதில் எங்கே போய் விலை பேசுவது?

நான் மெர்ச்சண்டைசர், பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிக்கிற வேலை. எங்கள் கம்பெனியில் ஒரு ஆர்டர் முழுதாக முடிந்து, மடித்து, கவர் போட்டு, பெட்டி கட்டியாகிவிட்டது. அமெரிக்காவில் வாங்குகிற பையர் நிறுத்தி வைக்கச் சொன்னார். பிறகு பாதி விலை பேசினார். கடைசியில் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். பீஸ் ஒவ்வொன்றிலும் டாலரில் விலைச்சீட்டு தொங்குகிறது, அந்தச் சீட்டோடு உள்ளூரில் விற்க முடியாது. செக்கிங்கில் இருக்கிற அக்காக்கள் வரிசையாக உட்கார்ந்து, கட்டிய பெட்டியைப் பிரித்து, சீட்டை டிரிம்மரால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா வெட்டிய சீட்டை என்னிடம் நீட்டி, "இது நம்ம காசுக்கு எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். அவருடைய இரண்டு நாள் கூலி. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

நிலக்கரித் தொழிலாளர்களை நிற்க வைத்ததுபோல், அந்த அக்காவை யாரும் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்கப்போவதில்லை.

வரிக்கணக்கு (சென்னை)

நான் சுங்க ஏஜென்ட். ஆகஸ்ட் 26 ராத்திரி ஒரு வாடிக்கையாளர் போனில் அழாத குறை: "சார், கன்டெய்னர் கப்பலில் ஏறிவிட்டது, பழைய வரிதானே?" 27க்கு முன் ஏறியிருந்தால் மட்டும் போதாது, செப்டம்பர் 17க்கு முன் அங்கே இறங்கிச் சுங்கமும் முடிந்திருக்க வேண்டும். கொழும்பில் மாற்றி ஏற்றி நியூயார்க் போக நாள் போதாது. அதைச் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை.

பின்னலாடை தம்பிக்குச் சில விஷயம் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். எஃப்ஓபி (இங்கே கப்பலில் ஏற்றுவதோடு நம் பொறுப்பு முடியும்) என்றால் அங்கே கட்டும் சுங்கம் பையர் தலையில். தள்ளுபடி கேட்டால் அது பேரம், கடமை இல்லை. டிடிபி (சுங்கமும் நாமே கட்டி ஒப்படைப்பது) என்று எழுதியிருந்தால் முழுச் சுமையும் உங்கள் மேல், அந்த மாதிரி ஆர்டரைத் தொடவே தொடாதீர்கள். இரண்டாவது, இசிஜிசி என்ற மத்திய அரசு நிறுவனம் தரும் ஏற்றுமதிக் காப்பீடு. சரக்கு அனுப்பிய பிறகு பையர் பணம் தராவிட்டாலோ சரக்கை ஏற்காவிட்டாலோ என்னென்ன கிடைக்கும் என்று பாலிசியை எடுத்துப் படியுங்கள், முக்கால்வாசிப் பேர் படிப்பதே இல்லை. மூன்றாவது, அமெரிக்கப் பருத்தி. பொருளின் மதிப்பில் 20 சதவீதமாவது அமெரிக்கச் சரக்கு இருந்தால் அந்தப் பங்குக்குப் பரஸ்பர வரி (முதலில் போட்ட 25) இல்லை என்று 2025 ஏப்ரல் ஆணையிலேயே இருந்தது. நம் அரசும் 2025 ஆகஸ்ட் 19 முதல் பருத்தி இறக்குமதிக்கு 11 சதவீத வரியை எடுத்திருந்தது. நூல் மில்லிடம் சான்றிதழ் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நான்காவது, பிரிட்டன். 2025 ஜூலை 24 அன்று வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது, அதன்படி நம் ஆடைக்கு அங்கே சுங்கம் நீங்கும். இப்போதே சாம்பிள் அனுப்பிப் பேச ஆரம்பியுங்கள், எல்லோரும் போன பிறகு ஓடினால் வரிசையில் கடைசியில்தான் நிற்பீர்கள்.

இன்னொரு விஷயம். சுங்கம் போட்டு உள்ளூர்த் தொழிலைக் காப்பது எல்லா நாடும் செய்கிறதுதான், நாமும் செய்திருக்கிறோம். அவர்கள் தங்கள் நிலக்கரித் தொழிலுக்காகச் செய்வதில் மட்டும் என்ன தப்பு?

ஏரிக்கரை (மிச்சிகன்)

வரிக்கணக்கு சார், அந்தக் காப்பாற்றலுக்குக் கரண்ட் பில் கட்டுகிற ஊரில் இருக்கிறேன். லேக் மிச்சிகன் கரையில் ஜே.எச்.கேம்ப்பெல் அனல் நிலையம், 2025 மே 31 அன்று மூட வேண்டியது. வருடக்கணக்கில் திட்டமிட்டு, மாற்று மின்சாரத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். மே 23 அன்று வாஷிங்டனிலிருந்து அவசர உத்தரவு, மூடக் கூடாது என்று. ஆகஸ்டில் மறுபடியும் நீட்டினார்கள். முதல் ஐந்து வாரத்துக்கு மட்டும் 29 மில்லியன் டாலர் கூடுதல் செலவு என்று நிலையத்தை நடத்தும் நிறுவனமே கணக்குக் கொடுத்தது. அது கடைசியில் வீட்டுப் பில்லில்தான் வந்து விழும்.

அந்த மாதிரிப் பழைய நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை பார்ப்பவர் ஒருவர் எங்கள் பையனின் சாக்கர் டீம் பெற்றோரில் உண்டு. மைதானத்தில் பக்கத்து நாற்காலி. வேலை நீடித்ததே, சந்தோஷமா என்று கேட்டேன். அவர் கோபப்பட்டுவிட்டார். "மூடுவதற்கென்று நாள் குறித்த மெஷினை நாங்கள் எப்படிப் பராமரித்திருப்போம் என்று நினைக்கிறாய்? அதற்குப் பக்கத்தில் தினமும் நிற்பது நான்." அப்புறம் பையன் கோல் போட்டான், எழுந்து கைதட்டினார், உட்கார்ந்து பேச்சை மாற்றிவிட்டார்.

மலைச்சாரல் (மேற்கு வர்ஜீனியா)

நான் நுரையீரல் மருத்துவர். ஜே-1 விலக்கில் (மருத்துவர் குறைந்த ஊரில் வேலை பார்த்தால் நாடு திரும்ப வேண்டாம் என்ற விசா சலுகை) இந்த மலைக்கு வந்து தங்கிவிட்ட நம்மவர்கள் நிறையப் பேர், அவர்களுக்குச் சுரங்கத் தூசியால் வரும் 'பிளாக் லங்' நுரையீரல் நோய் பற்றி நான் சொல்ல வேண்டாம்.

2025 ஏப்ரல் 8. ஜனாதிபதி டிரம்ப் நிலக்கரித் தொழிலை ஊக்குவிக்கும் ஆணைகளில் வெள்ளை மாளிகையில் கையெழுத்துப் போட்ட நாள். என் நோயாளி சுரங்கத்திலிருந்து நின்றவர், வயது என்னைவிடக் குறைவு. ஆக்சிஜன் குழாயோடு போனில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் போட்ட தொழிலாளர்கள் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். நான் உள்ளே போனதும் விரலைத் தூக்கி, கொஞ்சம் இருங்கள் என்று சைகை காட்டினார். கண்ணில் தண்ணீர். "எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், டாக்டர்" என்றார். அந்த ஒரு வரியைச் சொல்ல இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

கையில் அவருடைய எக்ஸ்ரேயோடு நின்றேன். இப்போது வருகிற நோய் பழைய காலத்து நோய் மாதிரி இல்லை. கனமான கரிப்படுகை தீர்ந்துவிட்டது, மெல்லிய படுகையை எடுக்கப் பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள், சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போய் இறுகிவிடுகிறது. இந்த வட்டாரத்தில் 25 வருடத்துக்கு மேல் சுரங்கத்தில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் என்று 2018இல் கண்டார்கள். சுரங்கத்தில் அனுமதிக்கும் சிலிக்கா அளவைப் பாதியாகக் குறைக்கும் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். வெள்ளை மாளிகையில் அந்தக் கையெழுத்து விழுந்த அதே வாரம் அதைத் தள்ளி வைத்தார்கள். மார்கன்டவுனில் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்ரேயைப் பார்க்கும் அரசுப் பிரிவையும் ஏப்ரலில் காலி செய்தார்கள். மே மாதம் நீதிமன்றம் தலையிட்டுத்தான் ஆட்கள் திரும்பினார்கள். அவரைக் கூப்பிட்டார்கள் என்றால், இதை ஏன் செய்தார்கள்?

வரிக்கணக்கு சார், நீங்கள் கேட்டதற்கு என் பதில். சுங்கம் எதைத் தடுக்கும்? வெளிநாட்டுச் சரக்கை. இங்கே வெளிநாட்டுக் கரி வந்து யாரையும் அழிக்கவில்லை. 2000களின் நடுவில் இந்த நாட்டு மின்சாரத்தில் பாதி நிலக்கரியிலிருந்து வந்தது, 2024இல் 15 சதவீதம் அளவுதான். அந்த இடத்தில் முக்கியமாக வந்து உட்கார்ந்தது பென்சில்வேனியாவிலும் டெக்சாஸிலும் எடுக்கிற மலிவான எரிவாயு, பிறகு காற்றாலையும் சூரிய ஒளியும். வேலையைத் தின்றது அதற்கும் முன்னால் வந்த இயந்திரம். 1923இல் 8 லட்சம் பேருக்கு மேல் இறங்கிய சுரங்கங்களில் இன்று 40 ஆயிரத்துச் சொச்சம் பேர். வெளிநாட்டு எஃகுக்கு 50 சதவீதம் வரி போட்டால் கோக்கிங் கரி விற்கும் என்கிறார்கள். அமெரிக்க எஃகில் 70 சதவீதம் அளவுக்கு மின் உலையில் பழைய இரும்பை உருக்கிச் செய்வது, அதற்குக் கோக்கிங் கரி தேவையே இல்லை. எடுக்கிற கரியில் ஐந்தில் ஒரு பங்கு கப்பலேறுகிறது. வரிச்சண்டை குத்துவது அந்தப் பங்கைத்தான். 2025 அக்டோபரில் மொன்டானாவில் 16.7 கோடி டன் கரியை அரசு ஏலம் விட்டபோது ஒரே ஒருவர்தான் கேட்டார், அதுவும் 1,86,000 டாலருக்கு. டன்னுக்கு ஒரு சென்ட்கூட இல்லை, அரசே வேண்டாம் என்றுவிட்டது.

ஏரிக்கரை, உங்கள் நண்பரின் கோபம் நியாயம்தான். ஆனால் என் நோயாளிகளிடம் "மூடட்டும்" என்று என்னால் சொல்ல முடியாது. இந்தப் பள்ளத்தாக்கில் பட்டப்படிப்பு இல்லாமல் அந்தச் சம்பளம் தரும் வேறு வேலையை யாரும் கொண்டுவரவில்லை.

யாருக்காவது சுரங்கத்தில் தெரிந்தவர் இருந்தால் இதை மட்டும் சொல்லுங்கள்: அரசு எக்ஸ்ரே இலவசம், முடிவு கம்பெனிக்குப் போகாது. நோயின் தொடக்கம் தெரிந்தால் சம்பளம் குறையாமல் தூசி குறைந்த இடத்துக்கு மாற்றிக் கேட்க சட்டத்தில் உரிமை உண்டு. கேட்பவர்கள் மிகக் குறைவு.

பின்னலாடை (திருப்பூர்)

டாக்டர், உங்களுடையதைப் படித்த பிறகு அந்த நார்ஃபோக் பெரியவர் மேல் இருந்த கோபம் குறைந்துவிட்டது.

வரிக்கணக்கு சார், நன்றி. ஆனால் அமெரிக்கப் பருத்தி யோசனை பெரிய கம்பெனிக்குத்தான் சரிப்படும். பருத்தி வரி விலக்கை 2025 டிசம்பர் 31 வரைதான் அறிவித்திருந்தார்கள். பஞ்சு வந்து, நூலாகி, துணியாகி, சாயம் ஏறி, தைத்து முடிக்க அந்த நாள் காணவில்லை. எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து தருகிற சின்ன யூனிட்டுக்காரர் சான்றிதழோடு நூல் வாங்கப் பணத்துக்கு எங்கே போவார்? அவர் போன வாரம் பாதி பவர்டேபிள் தையல் மெஷினை விற்றுவிட்டார்.