மின்னொளிப் போட்டியில் நடுராத்திரி ஆனால் வாலிபால் தொய்ந்துவிடுகிறது: வால்வு லீக்கா, வேறு காரணமா?

தேரிமண்:
வணக்கம். திசையன்விளை பக்கம் எங்கள் ஊர். கோயில் கொடையை ஒட்டி வருஷா வருஷம் மின்னொளி வாலிபால் போட்டி நடத்துகிறோம். இந்தச் சித்திரையில் பந்தை வைத்துப் பெரிய தகராறே வந்துவிட்டது.

சாயங்காலம் 4 மணிக்குக் காற்றடித்து, காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்தால் 4.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) காட்டுகிறது. முதல் இரண்டு மேட்ச் நன்றாகப் போகும். நடுராத்திரி தாண்டி அரையிறுதி வரும்போது பந்து தொய்ந்துவிடும். பெருவிரலால் அமுக்கினால் உள்ளே போகிறது. தரையில் தட்டினால் எழும்ப மாட்டேன் என்கிறது. தோற்ற டீம் "காற்றை இறக்கிவிட்டீர்கள்" என்று சண்டைக்கு வந்துவிட்டது.

ஆனால் மறுநாள் மதியம் அதே பந்து, யாரும் பம்பைத் தொடாமலே, கல்லாக இருக்கிறது. டிக் எடுத்த (இரண்டு கையையும் சேர்த்துத் தாழ்வாக வரும் பந்தை எடுத்த) பையன்களுக்கு முழங்கை வரை சிவந்துபோகிறது. வாங்கிய கடையில் கேட்டேன். "வால்வு லீக், மாற்றித் தர முடியாது" என்று முடித்துவிட்டார்கள். லீக் என்றால் போன காற்று எப்படித் திரும்பி வரும்? ஆடிக் கொடை நெருங்குகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பை சைக்கிள்கடை:
அண்ணாச்சி, முதலில் லீக் இல்லை என்று உறுதி பண்ணுங்கள். வாளி நிறையத் தண்ணீர் வைத்துப் பந்தை முழுக்க அமுக்கிப் பிடியுங்கள். வால்வு மேலே பார்த்து இருக்கட்டும். முதலில் வரும் சின்னக் குமிழி பந்தின் மேலே ஒட்டியிருந்த காற்று, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கையால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குமிழி வந்தால்தான் லீக்.

இன்னொன்று: 4 மணிக்குக் காற்றடித்தபோது பந்து எங்கே இருந்தது? நிழலிலா, வெயிலிலா?

தேரிமண்:
பந்துப் பை லோடு ஆட்டோவில், தார்ப்பாய்க்கு அடியில் மதியத்திலிருந்து கிடந்தது. தொட்டால் கை சுடும். இரண்டு பந்து வைத்திருக்கிறோம். ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாயிற்று, ஒரு குமிழி கூட இல்லை. இரண்டாவது பந்தைத் தம்பி ஒருவன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான், வந்ததும் பார்க்கிறேன்.

பாளை இயற்பியல் ஆசிரியர்:
குமிழி வராத பந்தில் காற்று எங்கேயும் போகவில்லை. சூடு குறைந்ததால் அழுத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், தகராறு வந்தால் கமிட்டிக்காரர்களிடம் அப்படியே காட்டலாம்.

மூடிய பைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறும், இறங்கும். ஆனால் செல்சியஸ் கணக்கில் அல்ல. செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் வரும் கெல்வின் கணக்கில். அழுத்தத்தையும் முழுசாக எடுக்க வேண்டும். உங்கள் கேஜ் காட்டும் 4.5 என்பது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள மிச்சம் மட்டும். வெளிக்காற்றே 14.7 பிஎஸ்ஐ. ஆக உள்ளே இருப்பது 19.2.

தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பந்தின் உள்காற்று 50 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், அதாவது 323 கெல்வின். நடுராத்திரி நம் பக்கம் 27 டிகிரிக்கு இறங்கினால் 300 கெல்வின். 19.2-ஐ 300-ஆல் பெருக்கி 323-ஆல் வகுத்தால் 17.8. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் மிச்சம் 3.1 பிஎஸ்ஐ. மொத்த அழுத்தம் குறைந்தது நூற்றுக்கு ஏழுதான். ஆனால் கேஜில் 4.5 இருந்த இடத்தில் 3.1 என்று மூன்றில் ஒரு பங்கு காணாமல் போன மாதிரித் தெரிகிறது. கைக்குத் தெரிவதும் இந்த மிச்சம்தான். பந்து கொஞ்சம் சுருங்கி விரியும் என்பதால் நிஜத்தில் வித்தியாசம் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்.

மறுபக்கம் பாருங்கள். ராத்திரி தொய்ந்துவிட்டது என்று 27 டிகிரியில் 4.5-க்கு ஏற்றி, மறுநாள் வெயிலில் போட்டால் கேஜ் 6-ஐத் தொடும். சர்வதேச விதிப்படி வாலிபாலுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ, அதாவது ஏறக்குறைய 4.26 முதல் 4.61 பிஎஸ்ஐ. 6 என்பது எல்லை தாண்டியது. கை சிவப்பது இருக்கட்டும், பந்தின் மேலே ஒட்டியிருக்கும் பேனல்கள் வாய் பிளக்கும், பந்து முட்டை வடிவத்துக்குப் போய்விடும். ராத்திரி ஏற்றிய காற்றை மதியம் கொஞ்சம் விட்டுவிடாமல் விளையாடுவதுதான் எனக்கு உண்மையில் கவலையான விஷயம்.

ஸ்டம்பர் பொடியன்:
சார், ஒரு சந்தேகம். நாங்கள் வ.உ.சி. மைதானம் பக்கம் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறோம். எதிர் டீம் பந்தை ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுவந்து போட்டார்கள், பந்து முட்டிக்கு மேலே வரவே இல்லை. அதுவும் காற்று சமாச்சாரமா? கெட்டி ரப்பர் பந்துக்குள் காற்றே இல்லையே, அதுவும் மாறுமா?

பாளை இயற்பியல் ஆசிரியர்:
நல்ல கேள்வி தம்பி. காற்று பாதி, ரப்பர் பாதி. பந்து தரையில் மோதும்போது நசுங்கி, பிறகு பழைய உருவத்துக்குத் திரும்பித் தள்ளுகிறது. நசுங்கும்போது வாங்கிய சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தராது. ஒரு பங்கு உள்ளேயே சூடாகிப் போய்விடும். குளிர்ந்தால் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் சோம்பிவிடுகின்றன, திரும்பி வரும் வேகம் குறைகிறது, வீணாகும் பங்கு கூடுகிறது. அதனால் காற்றே இல்லாத கெட்டி ரப்பர் பந்தும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் மந்தமாகத்தான் எழும்பும்.

இதற்கு ஸ்குவாஷ் பந்தைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் அதைச் சுவரில் அடித்து அடித்துச் சூடேற்றுவார்கள், அப்போதுதான் ஆடவே முடியும். அதைச் சோதிப்பதே 23 டிகிரியிலும் 45 டிகிரியிலும் இரண்டு தரம். டென்னிஸ் பந்துக்கும் சோதனை உண்டு. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால், வழக்கமான பந்து 135-லிருந்து 147 சென்டிமீட்டருக்குள் எழும்ப வேண்டும். அதையும் 20 டிகிரி அளவில்தான் பார்க்கிறார்கள். விம்பிள்டனில் பந்துகளை 20 டிகிரியில் குளிரூட்டி வைத்திருப்பதும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறக்கூடாது என்றுதான்.

குளிரில் ரப்பர் துள்ளலை இழப்பது உயிரைப் பறித்த சம்பவமும் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று, கடும் குளிரான காலையில் ஏவிய சேலஞ்சர் விண்ணோடம் 7 பேரோடு சிதறியது. ராக்கெட் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் குளிரில் சட்டென்று விரிந்து இடைவெளியை அடைக்கவில்லை. விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒரு துண்டு ரப்பரைக் கிடுக்கியில் அமுக்கி ஐஸ் தண்ணீரில் முக்கி, பிறகு கிடுக்கியை எடுத்துவிட்டு, அது உடனே பழைய உருவத்துக்குத் திரும்பாததை எல்லோர் முன்னாலும் காட்டினார். வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் ரப்பர் பாடம் எடுப்பதில்லை.

உங்கள் ஆட்டத்துக்கு வழி எளிது: இரண்டு டீமின் பந்தையும் டாஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே வாங்கி அம்பயரிடம் ஒரே பையில் வைத்துவிடுங்கள்.

நெல்லை நடுவர்:
வாலிபால் ஆட்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். மின்னொளிப் போட்டிக்கு 4 மணிக்குக் காற்றடிக்கவே கூடாது. பந்துகளை மதியமே நிழலான அறையில், பையைத் திறந்து வையுங்கள். விளக்குப் போட்டு, பொழுது நன்றாக இறங்கிய பிறகு, ஆடும் இடத்திலேயே வைத்துக் காற்றடியுங்கள். இரண்டு கேப்டன்களும் நின்று கேஜைப் பார்க்கட்டும். அரையிறுதிக்கு முன்னால் ஒரு தரம், எல்லோர் முன்னிலையிலும், மறுபடி பாருங்கள். அதன் பிறகு சண்டைக்கு வாய் இருக்காது.

கேஜ் இல்லாத ஊர்களில் நான் செய்வது: ஆண்கள் வலையின் மேல் விளிம்பு 2.43 மீட்டர். சரியான காற்று இருக்கும்போது அந்த உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் பந்தை விட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவேன். ராத்திரி பந்து அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால் காற்று வேண்டும். தேரி மணலில் விட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மணல் சக்தியை விழுங்கிவிடும். பனி இறங்கிய தரையும் அப்படித்தான், பந்து மேல் பழி விழும்.

அம்பை சைக்கிள்கடை:
பம்ப் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகமாக அடித்தால் பம்ப் குழாயே சுடும், உள்ளே போகும் காற்றும் சூடாகத்தான் போகும். அடித்த கையோடு கேஜ் வைத்தால் அதிகம் காட்டும். பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். ஊசியை நனைக்காமல் சொருகாதீர்கள், காய்ந்த ஊசி வால்வின் உதட்டைக் கிழிக்கும். ஒவ்வொரு தரம் கேஜ் வைக்கும்போதும் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும், சும்மா சும்மா வைத்துப் பார்க்க வேண்டாம்.

தொய்ந்த பந்தை அடுப்படியிலோ ஹாலஜன் விளக்குப் பக்கத்திலோ வைத்துச் சூடேற்றுகிற பழக்கம் சில ஊரில் இருக்கிறது. ஒட்டு விட்டுவிடும், செய்யாதீர்கள்.

தேரிமண்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி ஊர் மைதானத்தில் விளக்குப் போட்டுப் பார்த்தோம். பந்துகளை மதியம் முழுக்கச் சாவடித் திண்ணை நிழலில் வைத்து, 9.30-க்கு இரண்டுக்கும் 4.5 ஏற்றினோம். விடியற்காலை 3 மணிக்கு முதல் பந்து 4.25 பக்கம் காட்டியது. ஆடிய யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆசிரியர் சொன்ன கணக்கு கிட்டத்தட்ட அப்படியே வருகிறது.

ஆனால் இரண்டாவது பந்து 3.5-க்கு வந்துவிட்டது. அதையும் வாளியில் அமுக்கினோம். துடைத்த பிறகும் வால்வு ஓரத்திலிருந்து குமிழி ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கிறது. இதை மட்டும் என்ன செய்ய?

அம்பை சைக்கிள்கடை:
அது நிஜ லீக். முதலில் ஊசியில் இரண்டு சொட்டு கிளிசரின் தடவி வால்வுக்குள் விட்டு, மெதுவாகச் சுழற்றி எடுங்கள். எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊறிவிடும். வால்வு காய்ந்ததால் கசிந்திருந்தால் அதோடு நிற்கும். ஒரு நாள் விட்டு அதே நேரத்துக்கு, அதே நிழலில் கேஜ் வையுங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் வால்வு கிழிந்திருக்கிறது, அந்தப் பந்தைப் பிராக்டிஸுக்கு ஒதுக்கிவிட்டு ஆடிக் கொடைக்கு வேறு பந்து வாங்குங்கள்.