புதுப்பிப்பு: பிணமாகப் படுக்கும் வேடத்தில் மூச்சு தெரியாமல் இருப்பது எப்படி?

போன மாதம் கேட்டிருந்தேன்: துணை நடிகராக ஒரு நாள் வேலை, சாவு வீட்டுக் காட்சியில் பிணமாகப் படுக்க வேண்டும், வயிறு ஏறி இறங்குவதை எப்படி மறைப்பது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பூந்தமல்லி பக்கம் ஒரு செட்டில் படப்பிடிப்பு. மூச்சை முழுக்க அடக்கும் யோசனை சரிவரவில்லை. ஷாட் நீண்டதும் நெஞ்சு தூக்கிவிட்டது. பாதி மூச்சை வெளியே விட்டுவிட்டு, சின்னச் சின்னதாக இழுக்கச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. மாலையை வயிற்றுப் பக்கம் இறக்கிப் போட்டதும் உதவியது. ஆனால் அதை முதல் டேக்குக்கு முன்பே உதவி இயக்குநரிடம் கேட்டுவிடுங்கள், அப்புறம் மாற்றினால் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது) போய்விடும்.

நான் எதிர்பார்க்காதது கண் இமை. லைட் வெளிச்சத்தில் துடித்துக்கொண்டே இருந்தது. மூடிய கண்ணுக்குள் பார்வையைக் கால் பக்கம் இறக்கியதும் நின்றது. இன்னொன்று, மூக்குப் பஞ்சைத் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். தாடையையும் கட்டிவிடுவதால் வாயால் மூச்சு விடுவது கஷ்டம்.

கடைசியில் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்தார்கள், பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். அதைச் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மனசு ஆறியது. சம்பளத்தை ஏஜென்ட் அன்று மாலையே கையில் கொடுத்துவிட்டார்.